ஒன்பது காம்பு, எட்டுப் பூ

அத்தியாயம் 4

"எண்ணிப் பாரும்மா," என்றார் சிமியோன்.

மிருனா எண்ணினாள். சிவப்பு ரோஜாக்கள். ஒரு பெண் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நீல ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை, மலைக்கு மேல் பற்பசை விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒரு வெளிச்சம். எதிர்வீட்டுக்காரி சாதாரணத் தாளில் அச்செடுத்துக் கொடுத்த படம். இரண்டே நாளில் மடித்து விரித்து, மடித்து விரித்து, நடுவில் வெளுத்துப் போயிருந்தது.

"எட்டு," என்றாள்.

"எட்டு. உயிரோட இருக்கிற பொம்பளைக்கு இந்த நாட்டுல எவன் எட்டுப் பூ குடுப்பான்? மூணு குடுப்பான். அஞ்சு குடுப்பான். கஞ்சப்பயலா இருந்தா ஒண்ணு குடுப்பான். ரெட்டைப்படையில பூ போறது பொணத்துக்குத்தான்."

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நான்கு மூச்சு எடுத்துக்கொண்டார். மூக்கில் சொருகியிருந்த குழாய் இரண்டு காதையும் சுற்றி, தரையில் நெளிந்து, கட்டிலருகே உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினுக்குப் போனது. முப்பத்தோரு வருடம் பெத்ரிலா சுரங்கத்தில் கரி வெட்டியவர். கரி இப்போது நெஞ்சுக்குள் இருந்தது. வீடு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.

ஒக்தாவியன், பழகியவர்களுக்குத் தாவி, ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார். சுரங்கம் மூடுகிற வரை மீட்புப் படையில் இருந்தவர். புகைக்குள் போய் ஆளை இழுத்து வருகிற வேலை. அதன்பிறகு துப்பறிவாளர் உரிமம் எடுத்தார். இப்போதும் ஆள் தேடுகிற வேலைதான், புகை மட்டும் வேறு என்பார். மிருனா அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம். அதற்கு முன் எட்டு வருடம் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படங்களுக்கு டச்சப் செய்தவள்.

"விஷயத்தை முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் ஒக்தாவியன்.

"எம்பொண்ணு வர்வாரா. அஞ்சு வருஷமா இத்தாலியில ஒரு கிழவியைப் பார்த்துக்கிறா. புதன்கிழமை புனித வர்வாரா நாள். நம்ம சுரங்கத்துக்காரங்களோட சாமி, அந்தப் பேரைத்தான் அவளுக்கு வெச்சேன். பேர் நாளுக்கு இந்தப் படம் போட்டா. போட்டது அவதானான்னு தெரியல தாவி. பதினாலு மாசமா வீடியோவுல வர்றதில்ல. நெட்டு சரியில்லைங்கிறா, கிழவி தூங்குறாங்கிறா. ஞாயித்துக்கிழமை தவறாம ஒரு படம், ஒரு வரி. ஒரு வரி எவன் வேணா எழுதலாமே."

"போலீஸ்?"

"சிரிச்சாங்க. அப்பாவை மறந்த பொண்ணுங்க பட்டியல் பெருசுன்னாங்க." மெஷின் உறுமியது. "எதிர்வீட்டு லெனுத்சா ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போவா. எனக்காக மெழுகுவர்த்தி ஏத்திட்டு வருவா. வாசல்ல ரெண்டு தகரப் பெட்டி இருக்குல்ல, இருக்கறவங்களுக்கு ஒண்ணு, போனவங்களுக்கு ஒண்ணு. நாளைக்கு மறுநாள் ஞாயிறு. வர்வாராவுக்கு எந்தப் பெட்டியில ஏத்தறதுன்னு நான் அவகிட்ட சொல்லணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரிய வேண்டாம்."

மிருனா தன் போனில் அதே படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். பூக்களை விட்டுவிட்டுக் கீழே வந்தாள். கைப்பிடி, ரிப்பன், ரிப்பனுக்குக் கீழே காம்புகள்.

"தாவி அண்ணே, உங்க கண்ணாடியைப் போட்டுட்டு இங்க எண்ணுங்க."

ஒக்தாவியன் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒன்பது."

"ஒன்பது காம்பு, எட்டுத் தலை. ஒரு பூவை அழிச்சிருக்காங்க. அந்த இடத்துல பக்கத்து இலையை இழுத்து ஒட்டியிருக்காங்க. ஓரத்துல நரம்பு ரெண்டு தடவை வருது பாருங்க. அது வாடின பூவா இருந்திருக்கும். படம் அழகா இருக்கணும்னு தூக்கிட்டாங்க. தூக்கினவங்க எண்ணிப் பார்க்கல."

"அப்படின்னா?" என்றார் சிமியோன்.

"வாங்கினது ஒன்பது. உயிரோட இருக்கிறவங்க கணக்கு. பொணத்துக்கு வாங்கினவன் வாடின பூவுக்கெல்லாம் கவலைப்பட மாட்டான் பெரியவரே. பொணம் புகார் பண்ணாது."

சிமியோன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் முதுகை ஒக்தாவியன் இரண்டு நிமிடம் தட்ட வேண்டியிருந்தது.

படியிறங்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒக்தாவியன் நின்றார். "அவர்கிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டே. உன் மூஞ்சி காட்டிக் குடுக்குது."

"பூவை அழிச்சது உயிரோட இருக்கிற ஆளுதான் அண்ணே. அது வர்வாராதான்னு நான் சொல்லல." போனை நீட்டினாள். "முகம் பழசு. இந்த முடியைப் பாருங்க, புருவத்துக்கு மேல கொக்கி மாதிரி விழுது. மே மாசப் படத்துல அதே கொக்கி. ஆகஸ்ட்ல அதே. இப்பவும் அதே. சட்டை மாறுது, கை மாறுது, முகம் மட்டும் என்னைக்கோ எடுத்தது. வெட்டி வெட்டி வெச்சிருக்காங்க. அது தெரியாம இருக்க மேல நாலு புள்ளி மச்சம், மூக்குல குளிர்ச் சிவப்பு, கண்ணுக்குக் கீழ கொஞ்சம் களைப்பு."

"களைப்பைக் கூடவா போடுறாங்க?"

"இப்ப அதான் மோஸ்தர். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப மச்சத்தை எடுக்கச் சொல்லி வரிசையில நிப்பாங்க. இப்ப மச்சம் வைக்க ஆப் இருக்கு. எடிட் பண்ணலைன்னு காட்டறதுக்கு எடிட்."

"உயிரோட இருக்கிறவ எதுக்குத் தன் முகத்தையே பழசுலேர்ந்து வெட்டி ஒட்டணும்?"

மிருனாவிடம் அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டுமே நான்காம் மாடிக்கு ஏறிப்போய்ச் சொல்லக்கூடியவை அல்ல.

கார் பழையது. ஹீட்டர் கால்களை மட்டும் சுடவைத்தது. வெளியே சேறும் பனியும் கலந்து தெரு கறுத்துக் கிடந்தது. எதிர் பிளாக்கில் இருபது வீட்டு ஜன்னல். திரைச்சீலை தொங்கியது ஐந்தில்தான். மற்றவர்கள் ஸ்பெயினில், ஜெர்மனியில், இத்தாலியில். மிருனாவின் பிளாக்கும் இப்படித்தான். இணையத்தில் அவள் பக்கத்தை ஆயிரத்து நானூறு பேர் பார்க்கிறார்கள். போன மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துக் கிடந்தபோது கோடைக்காலப் படம் ஒன்றைப் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அழகு என்றார்கள். அந்த நான்கு நாளில் கதவைத் தட்டியவன் கேஸ் மீட்டர் பார்க்கிறவன் மட்டும்.

"ஏரி பொய்தானே?" என்று கேட்டார் ஒக்தாவியன்.

"ஏரி, மலை, வானம் எல்லாமே ஆப் குடுத்தது. ஆனா இந்த ஆப்புகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஆளைச் சுத்தி வெட்டும். கை இடுப்புல வளைஞ்சா நடுவுல ஒரு ஓட்டை விழும் பாருங்க, அதை வெட்ட மறந்துடும். ஸ்டுடியோவுல எனக்குப் பாதிச் சம்பளம் அந்த ஓட்டைக்குத்தான்." முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த முக்கோணத்தைப் பெரிதாக்கினாள். தபால்தலை அளவு. அதற்குள் நிஜம் இருந்தது: வெள்ளை டைல்ஸ், அதன்மேல் ஒரு காலண்டரின் மூலை. மூலையில் ஒரு கல் கூரை, கூரைமேல் குந்தியிருந்த கல் சிங்கம்.

ஒக்தாவியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் போனைக் கண்ணருகே கொண்டு போனார். "தென்சூஷ் கோவில். கூரையில சிங்கம் உக்காந்திருக்கிற கோவில் இந்தப் பக்கம் வேற கிடையாது. அங்க சாமியார் வருஷா வருஷம் காலண்டர் போட்டு வீட்டுக்கு ஒண்ணு குடுப்பார்."

"இத்தாலிக்குப் போற நம்மாளுங்க பாதிப் பேர் பெட்டியில கோவில் காலண்டர் இருக்கும் அண்ணே."

"கீழ வருஷத்தைப் பாரு."

பார்த்தாள். அடுத்த வருடம்.

"அடுத்த வருஷக் காலண்டர் டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமைதான் கைக்கு வரும்," என்றார். "படம் வந்தது புதன். நடுவுல மூணு நாள்."

"மினி பஸ்ல பார்சல் அனுப்பினா மூணு நாள்ல போயிடும்."

"நீ இத்தாலிக்குப் பார்சல் அனுப்பினா முதல்ல எதை வைப்பே?"

"சாராயம். சாசேஜ். பன்றிக் கொழுப்பு. ஊறுகாய். கம்பளிக் காலுறை." யோசித்தாள். "காலண்டர் ஜனவரிலகூட ஞாபகம் வராது."

ஒக்தாவியன் காரைக் கிளப்பினார்.

மலையைக் கடந்து ஹாட்செக் சமவெளியில் இறங்க ஒன்றேகால் மணி நேரம். தென்சூஷில் கோவில் வேலிக்கு வெளியே ஒரு தடித்த ஆள் விறகு பிளந்துகொண்டிருந்தான். பூசையில் பாடுகிறவன் அவன்தான். சாமியாரின் காலண்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன்தான்.

"நூத்தி நாப்பது," என்றான், கோடாலியை இறக்காமல். "வீட்டுக்கு ஒண்ணு. ரெண்டு கேட்ட வீட்டுக்கும் ஒண்ணு. எதுக்குக் கேக்கறீங்க? வருமான வரியா?"

"டைல்ஸ் தேடுறோம்," என்றாள் மிருனா. "சமையலறைச் சுவர்ல ஆள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டின வீடு."

"கசாப்புக் கடை மாதிரியா?"

"அதே மாதிரி."

"அப்படி ஒட்டுற அளவுக்குப் பணமும் ரசனைக் குறைவும் சேர்ந்து இருக்கிற இடம் ஒண்ணுதான். மேல, காட்டுப் பாதையில, டூரிஸ்ட் விடுதி. குளிர்காலத்துல மூடியிருக்கும். காவலுக்கு ஒரு பொம்பளை. வேரான்னு பேரு."

"எப்ப வந்தா?"

"போன வருஷம் அக்டோபர்." கோடாலியை இப்போது இறக்கினான். "கோடைக்கும் சால்வையை மூக்கு வரைக்கும் சுத்திக்குவா. பேச மாட்டா. ஊமைன்னுதான் நெனச்சோம். ஞாயித்துக்கிழமை பூசையில கடைசி வரிசை, தூணுக்குப் பின்னாடி. போன்ல மட்டும் எந்நேரமும் என்னமோ தேச்சுக்கிட்டிருப்பா. என்ன பண்ணிட்டா?"

"தெரியல," என்றார் ஒக்தாவியன்.

காருக்குத் திரும்பியதும் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் நினைத்ததையேதான் மிருனாவும் நினைத்தாள். பதினான்கு மாதமாக நேரில் தெரியாத ஒரு முகம். பதினான்கு மாதமாக முகத்தை மூடிக்கொண்டு வேறு பெயரில் ஒருத்தி. ஒருத்தியின் போன் இன்னொருத்தி கையில் என்றால், போனுக்குச் சொந்தக்காரி எங்கே?

"அப்படி இருந்தா அவர்கிட்ட யார் சொல்றது?" என்றாள்.

"நான். உனக்கு நகைச்சுவைதான் வரும்."

"எனக்கு அதுவும் இப்ப வரல அண்ணே."

விடுதி பைன் மரங்களுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. வாசலில் இத்தாலிப் பாணியில் சுண்ணாம்புத் தூண்கள், உடைந்த சிலை ஒன்று, மேலே 'வில்லா தோஸ்கானா' என்று பலகை. கீழ்த்தள ஜன்னல் ஒன்றில் மட்டும் வெளிச்சம். ஒக்தாவியன் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. சால்வை. சால்வைக்கு மேல் இரண்டு கண்கள். மிருனா கண்களைப் பார்த்தாள். எட்டு வருடப் பழக்கம். இடது கண் சிமிட்டியது. வலது கண் சிமிட்டவில்லை. ஓரத்தில் நீர் கோர்த்து நின்றது.

"ஓனர் இல்ல. சீசனுக்கு வாங்க." உதடு சேர வேண்டிய எழுத்துகள் சேராமல் ஓரமாகக் கசிந்தன.

"பெத்ரிலாவுலேர்ந்து வர்றோம். நாலாம் மாடி. சிமியோன் அனுப்பினார்."

கதவு மூடத் தொடங்கியது. ஒக்தாவியன் காலைக் குறுக்கே வைக்கவில்லை, கையையும் வைக்கவில்லை. மூடுகிற கதவிடம் சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வர்வாராவுக்குச் செத்தவங்க பெட்டியில மெழுகுவர்த்தி ஏத்தலாமான்னு கேக்கறார்."

கதவு அசையாமல் நின்றது. பிறகு உள்பக்கமாகப் போனது.

சமையலறை. வெள்ளை டைல்ஸ், காலண்டர். மேசைமேல் வட்ட விளக்கு ஒன்று ஸ்டாண்டில் நின்றது, நடுவில் போன் வைக்கிற கொக்கி. தொட்டியில் எலுமிச்சைச் செடி. ஒயின் கிளாசில் செர்ரிச் சாறு, மேலே ஆடை படிந்திருந்தது. நாற்காலி முதுகில் நான்கு மெல்லிய மேலங்கிகள், எல்லாம் இத்தாலி வெயிலுக்கானவை. ஒரு ஜாடியில் எட்டு ரோஜா. ஒன்பதாவது தனியாக ஒரு டீ கிளாசில், தலை தொங்கி. அவள் அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

"நீங்கதான் வர்வாராவா?" என்று கேட்டாள் மிருனா.

அவள் சால்வையை இறக்கினாள். இடது பாதி படத்தில் இருந்தவள். வலது பாதி தொங்கிப் போயிருந்தது. கன்னம், வாய் ஓரம், கீழ் இமை எல்லாமே ஆணி பிடுங்கின திரைச்சீலை மாதிரி. ஒக்தாவியன் நிம்மதியில் ஒரு பெரிய மூச்சு விட்டார். அதற்காகத் தன்மீதே எரிச்சல்பட்டவர் போல உடனே தொப்பியைக் கழற்றினார்.

"யார் குடுத்த பூ?" என்றார்.

"நானே வாங்கினேன். பேர் நாளாச்சே." அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கையால் தூக்கி வைப்பது போலப் பேசினாள். "கிழவி செத்துட்டா. நான் குளிப்பாட்டி உடுத்திவிட்டேன். அடக்கம் முடிஞ்ச மறுநாள் அவ பையன், மூணு நாள்ல ரூமைக் காலி பண்ணுன்னான். பஸ்ல ஜன்னல் சீட்டு. ரப்பர் கிழிஞ்சு கிடந்தது. இருபத்தாறு மணி நேரம் இந்தப் பக்கம் காத்து அடிச்சுச்சு. எல்லையில காபி குடிச்சேன், சட்டையில வழிஞ்சுச்சு. அப்பதான் தெரியும்."

"டாக்டர்?"

"தேவா டவுன்ல இறங்கி ஆஸ்பத்திரியில காட்டினேன். முகவாதம், மூணு மாசத்துல முகம் திரும்பிடும்னாங்க. சரி, மூணு மாசம் கழிச்சு வீட்டுக்குப் போலாம்னு இங்க வேலைக்கு வந்தேன். அப்புறம் இன்னொரு மூணு மாசம். எங்க பிளாக் வாசல் பெஞ்சு உங்களுக்குத் தெரியாது."

"எல்லா பிளாக்லயும் அதே பெஞ்சுதான்," என்றாள் மிருனா. "பொம்பளைங்கதான் வேற."

"இத்தாலி போனா, வாய் கோணி வந்திருக்கான்னு சொல்லுவாங்க. எவன் அடிச்சான்னு கேப்பாங்க. அப்பா காதுல விழும்." ஒயின் கிளாசை நகர்த்தினாள். "பழைய முகம் நிறைய போன்ல இருந்துச்சு. முதல் படம் ஒட்டறதுக்கு ஒரு ராத்திரி ஆச்சு. இப்ப பத்து நிமிஷம். அதைப் போட்டுட்டு அப்பா லைக் போடற வரைக்கும் பார்த்துட்டே உக்காந்திருப்பேன். அவர் பார்த்துட்டார்னு தெரிஞ்சா அன்னைக்குத் தூங்கிடலாம். முகம் திரும்பட்டும், போறேன். தயவுசெஞ்சு இத்தாலியிலதான் இருக்கான்னு சொல்லிடுங்க."

"எவ்வளவு நாள்?" என்றார் ஒக்தாவியன்.

"ஒரு வருஷம் ஆகட்டுமே. அப்பாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கார். பாருங்க, ஈஸ்டருக்கு அனுப்பினது." போனைத் திறந்து நீட்டினாள்.

வெள்ளைச் சட்டையில் சிமியோன். கையில் சிவப்புச் சாயம் போட்ட முட்டை. கன்னத்தில் இரத்த ஓட்டம், உதட்டில் நிறம், நிமிர்ந்த கழுத்து. அடுத்த நிமிடம் விறகு பிளக்கப் போகிறவர் போல இருந்தார்.

மிருனா அந்தப் படத்தைப் பார்த்தாள். காலையில் அந்த மனிதரின் எதிரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டுடியோவில் அவள் ஆட்களைப் பார்த்ததே கிடையாது. ஆட்கள் முன்னறையில், அவள் பின்னறையில். அவளுக்குத் தெரிந்தது தோல்தான். இப்போது அவள் அடையாளம் கண்டது சிமியோனை அல்ல, இடது கன்னத்தை. தாடைக்கு மேல் இருந்த ஒரு துண்டை வெட்டி, லேசாகத் திருப்பி, மூக்கிலிருந்து காது வரை மூன்று முறை ஒட்டியிருந்தார்கள். தாடியின் வெள்ளை முடிகளில் மூன்று மட்டும் கீழே வளராமல் மேலே வளர்ந்தன. அவசரத்தில் அவள் எப்போதும் செய்கிற தப்பு.

"இந்தக் கன்னம் நான் போட்டது," என்றாள்.

வர்வாராவுக்குப் புரியவில்லை. ஒக்தாவியன் திரும்பிப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு மூக்குல ஆக்சிஜன் குழாய் இருக்கு. ரெண்டு வருஷமா. ஈஸ்டருக்கு யாரோ கொண்டு வந்து குடுத்தாங்க, குழாயை எடுத்துடுங்க, பொண்ணுக்கு அனுப்பணுமாம்னு முன்னறையிலேர்ந்து சீட்டு வந்துச்சு. எடுத்தேன். உதடு நீலமா இருந்துச்சு, சிவப்பாக்கினேன். கழுத்து எலும்பை மறைச்சேன். நாலு நிமிஷ வேலை. அடுத்த படம் ஒரு கல்யாணம்."

"வீடியோவுல பேசறப்ப ஒண்ணும் இல்லையே."

"கழட்டி வெச்சுட்டுப் பேசியிருப்பார்," என்றார் ஒக்தாவியன். "பத்து நிமிஷம் தாங்கும். நெட்டு சரியில்லைன்னு நீ சொன்னப்ப அவருக்கும் நிம்மதியாத்தான் இருந்திருக்கும்."

வர்வாரா போனைத் தன் பக்கம் திருப்பி அப்பாவின் கன்னத்தைப் பெரிதாக்கினாள். அவளுக்கும் இப்போது அந்தக் கலை தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். மூன்று முடிகளையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"எவ்வளவு நாள் இருப்பார்?"

"நான் டாக்டர் இல்ல. கீழ பிளாக் வாசலை அவர் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு என்னோட பேசறதுக்கு ஒரு வரிக்கு நாலு மூச்சு எடுத்தார்," என்றார் ஒக்தாவியன்.

வர்வாரா எழுந்து அடுப்பை அணைத்தாள். குழாயைத் திருகி எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டாள். தொட்டி நிரம்பி வழிந்தும் விட்டுக்கொண்டிருந்தாள். மிருனா போய்க் குழாயை மூடினாள்.

காரில் வர்வாரா பின் சீட்டில் ஜன்னலை விட்டுத் தள்ளி நடுவில் உட்கார்ந்தாள். மலை ஏறுகிற இடத்தில் ஒக்தாவியன் சிமியோனுக்குப் போன் செய்து, "உயிரோட இருக்கா. கூட்டிட்டு வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மிருனாவுக்கு நாக்கு நுனியில் மூன்று ஜோக்குகள் வந்தன. மூன்றையும் விழுங்கினாள்.

மாலை ஐந்தரைக்கே இருட்டியிருந்தது. பனிக்குப் பயந்து பெஞ்சில் யாரும் இல்லை. நான்கு மாடியும் வர்வாரா சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டே ஏறினாள். ஒக்தாவியன் தட்டினார்.

திறக்க நேரமாயிற்று. திறந்தபோது சிமியோன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கில் குழாய் இல்லை. இரண்டு கன்னத்திலும் அது அழுத்திய சிவப்புக் கோடு மட்டும் இருந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தாலி," என்றார் சிமியோன். மூச்சு எடுத்தார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா," என்றது சால்வை. "நீங்க?"

"எனக்கென்ன." மூச்சு. "நல்லா."

மிருனாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தூக்கிப்போட வேண்டிய இரண்டு படங்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. வாயைத் திறக்கப் போனவளின் முழங்கையை ஒக்தாவியன் பிடித்தார்.

சிமியோனின் உதடு நீலமாயிற்று. நிலையைப் பிடித்த விரல்கள் வழுக்கின. வர்வாரா ஏதோ கேட்டாள். துணிக்குள்ளிருந்து வந்தது யாருக்கும் விளங்கவில்லை.

"என்ன?" என்றார்.

அவள் சால்வையை இழுத்துக் கழற்றினாள். "குழாய் எங்கப்பா வெச்சீங்க?"

அவர் அவள் வாயைப் பார்த்தார். கீழ் இமையைப் பார்த்தார். சுரங்கத்தில் கல் விழுந்த ஆளைப் பார்க்கிற மாதிரி, எங்கே அடி, எவ்வளவு அடி என்று பார்த்தார். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

"தலகாணிக்கு அடியில," என்றார்.

அவள் அவரைத் தோளில் சாய்த்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய், குழாயை எடுத்து, காதுகளைச் சுற்றி மாட்டினாள். பழக்கப்பட்ட கை. வருடக்கணக்கில் கிழவியைப் பார்த்த கை. மெஷின் உறுமியது. அவர் ஐந்தாறு மூச்சு இழுத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"எந்தப் பக்கம் மெல்லுற?"

"இடது."

"கெட்டியா சாப்பிட முடியுதா?"

"முடியாது. வழியும்."

சிமியோன் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பீன்ஸ் இருக்கு," என்றார். "இன்னும் கொஞ்சம் மசிக்கணும். கதவைச் சாத்திட்டு வா."